மயக்கம் தெளியும் நேரத்தில் மூச்சைப் பாருங்கள்

(கம்பளைப் பகுதித் தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் எமது நலன்புரி நிதியத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் வாசித்துப் பயன்பெறும் பொருட்டு இங்கே தரப்படுகிறது.)



நாங்கள் தோட்டம் தோட்டமாகப் போகும்போது ஒரு பேச்சை அடிக்கடி கேட்கிறோம். "ஒப்பரேஷன் செய்யச் சொல்லிட்டாங்க. ஆனா மயக்க மருந்து குடுத்தா எழும்ப மாட்டாங்களாமே?" என்று கேட்கிறார்கள். இந்தப் பயத்தினாலேயே குடலிறக்கத்தை வருடக் கணக்காக இடுப்புத் துணியில் கட்டிக்கொண்டு மலையேறுகிற ஐயாமார் இருக்கிறார்கள். கர்ப்பப்பைக் கட்டியோடு கொழுந்துக் கூடை சுமக்கிற அக்காமார் இருக்கிறார்கள்.

இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட நாங்கள் இங்கே வரவில்லை. மயக்க மருந்தில் ஆபத்து இல்லை என்று சொல்லவும் மாட்டோம். அந்த ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம். கத்தி வைக்கும் நேரத்தில் மயக்க மருந்து வைத்தியர் நோயாளியின் தலைமாட்டிலேயே இருந்து ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒப்பரேஷன் முடிந்து, "நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்று நாம் பெருமூச்சு விடுகிற நேரம் இருக்கிறதே, அந்த நேரத்திலிருந்து முதல் 24 மணித்தியாலம்தான் நாம் கண் வைத்திருக்க வேண்டிய நேரம். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் தாதிமாரும் நாமும்தான். ஆகவே இந்த விடயத்தில் குடும்பத்தாருக்கும் ஒரு வேலை இருக்கிறது.

மயக்க மருந்து என்ன செய்கிறது?

1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகர வைத்தியசாலையில் வில்லியம் மோர்ட்டன் என்பவர் ஈதர் என்னும் மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கச் செய்து, ஒருவருடைய கழுத்துக் கட்டியை வெட்டும்போது வலி தெரியாமல் இருக்கலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். அந்த நாளைத்தான் உலகம் இன்றும் மயக்க மருந்து தினமாக நினைவுகூர்கிறது. அதற்கு முன்னர் நோயாளியை நாலு பேர் பிடித்துக்கொள்ளத்தான் சத்திரசிகிச்சை நடந்தது.

முழு மயக்கம் என்பது நாம் இரவில் தூங்குகிற தூக்கம் போன்றது அல்ல. தூங்குகிறவருக்கு மூச்சுத் தடைப்பட்டால் புரண்டு படுப்பார், இருமுவார், விழித்துக்கொள்வார். மயக்கத்தில் இருப்பவருக்கு அந்தக் காவல் இல்லை. நாக்குத் தளர்ந்து தொண்டையின் பின்பக்கம் விழுந்து வழியை அடைக்கும். வலியைக் குறைக்கக் கொடுக்கும் மோர்பின், பெத்திடின் போன்ற மருந்துகள் மூச்சு விடும் எண்ணத்தையே மூளையில் மந்தமாக்கும். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் நெஞ்சுத் தசையும் சேர்ந்தே தளரும். அதனால்தான் தொண்டை வழியாகக் குழாய் வைத்து இயந்திரத்தால் மூச்சுக் கொடுக்கிறார்கள்.

ஒப்பரேஷன் முடிந்ததும் குழாயை எடுத்து விடுவார்கள். நோயாளி தானாக மூச்சு விடத் தொடங்குவார். ஆனால் மருந்து முழுவதும் உடம்பை விட்டுப் போகவில்லை. வயிற்றில் வெட்டியிருந்தால் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார். குளிரில் உடம்பு நடுங்கினால் ஒட்சிசன் கூடுதலாகச் செலவாகும். வரவு குறைந்து செலவு கூடிய வீட்டைப் போன்ற நிலைதான் அது.

ஹைதராபாத்தில் நடந்த ஆராய்ச்சி

மயக்கத்தில் ஆளைக் கொல்வது எது, மூச்சா இதயமா என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் பெரிய வழக்காக இருந்தது. ஈதருக்கு அடுத்து வந்த குளோரோபோம் என்ற மருந்தால் 1848ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 15 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி கால் நகத்தை எடுக்கும்போது இறந்துபோனாள். அதன் பிறகும் பல மரணங்கள் நடந்தன.

இந்த வழக்கைத் தீர்க்க முன்வந்தது எந்த ஊர் தெரியுமா? நம் பாட்டன் பூட்டன்மார் கடல் தாண்டிக் கண்டிச் சீமைக்கு வந்துகொண்டிருந்த அதே காலத்தில், தென்னிந்தியாவின் ஹைதராபாத் நகரில் எட்வர்ட் லோரி என்ற வைத்தியர் 1888இலும் 1889இலும் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்களை நடத்தினார். பணம் கொடுத்தவர் ஹைதராபாத் நிஜாம். இரண்டாவது குழுவுக்கு லண்டனிலிருந்து லோடர் பிரன்டன் என்ற பெரிய வைத்தியரே கப்பலேறி வந்தார். அந்த ஊர் மருத்துவப் பாடசாலையில் படித்த ரூபா பாய் பர்தூஞ்ஜி என்ற அம்மையார், உலகில் மயக்க மருந்து கொடுத்த முதல் பெண் வைத்தியர்களில் ஒருவராக இன்று மதிக்கப்படுகிறார்.

அவர்கள் சொன்ன முடிவு: மூச்சுத்தான் முதலில் நிற்கிறது, ஆகவே மூச்சைப் பாருங்கள் என்பதாகும். பிற்காலத்தில், 1911ஆம் ஆண்டளவில், குளோரோபோம் இதயத்தையும் திடீரென நிறுத்தும் என்று லெவி என்ற வைத்தியர் நிரூபித்தார். ஹைதராபாத் முடிவின் ஒரு பகுதி பிழைத்துப்போனது. குளோரோபோமும் பாவனையிலிருந்து போய்விட்டது. ஆனால் மூச்சைப் பாருங்கள் என்ற பாடம் மட்டும் போகவில்லை. இன்று எத்தனையோ இயந்திரங்கள் வந்த பின்னும் மயக்க மருந்து படிக்கிற ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

விரலில் மாட்டும் கருவி

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா வந்தபோது விரலில் மாட்டும் சின்னக் கருவியை நம்மில் பலர் பார்த்தோம். 2021 ஓகஸ்டில் விசாகப்பட்டினத்திலிருந்து இந்தியக் கடற்படைக் கப்பலில் 100 தொன் ஒட்சிசன் கொழும்புக்கு வந்ததும் ஞாபகம் இருக்கும். ஒட்சிசன் என்ற சொல் லயத்துக்குள் வந்தது அப்போதுதான்.

அந்தக் கருவியின் அடிப்படையை 1974ஆம் ஆண்டு கண்டுபிடித்தவர் தக்குவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியியலாளர். கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார். விரலுக்குள் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஒளியையும் செலுத்தி, இரத்தம் துடிக்கும்போது எவ்வளவு ஒளி மறுபக்கம் வருகிறது என்று அது அளக்கிறது. ஒட்சிசன் நிறைந்த இரத்தமும் குறைந்த இரத்தமும் இந்த ஒளிகளை வேறு வேறு விதமாக உறிஞ்சும். ஊசி குத்தாமலே கணக்கு வந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு சத்திரசிகிச்சைக்கான ஒரு பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுக்குமுன் இந்தக் கருவி நோயாளிக்கு மாட்டப்பட்டு வேலை செய்கிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. டில்லி உட்பட உலகின் எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்தவர் தொகை நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. சின்னச் சின்ன விடயங்களைத் தவறாமல் பார்ப்பதன் பலன் அது.

இனி அந்த எண்ணைப் பற்றிச் சொல்லுகிறோம். நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமந்து போகிற சிவப்புப் பொருளைக் கொழுந்துக் கூடைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல்தான் கொழுந்து மலை. கருவி காட்டுகிற எண், நூறு கூடைகளில் எத்தனை நிறைந்திருக்கின்றன என்பதாகும். கம்பளைப் பக்கத்தில் உடம்பு நலமாக உள்ளவருக்கு 95இலிருந்து 100 வரை இருக்கும். நுவரெலியா போன்று 1,800 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் காற்று மெலிந்திருப்பதால் ஒன்றிரண்டு எண் குறையலாம்.

90க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். ஏனென்றால் 100இலிருந்து 90 வரை இறங்குவது மெதுவான சரிவு. 90ஐத் தாண்டினால் பள்ளத்தாக்கு. தோட்டத்துக் கரத்தை ரோட்டில் லொறி பிரேக் இல்லாமல் இறங்குவது போல மளமளவென்று இறங்கிவிடும். சிறு பிள்ளைகளின் உடம்பில் ஒட்சிசன் சேமிப்புக் குறைவு. அவர்களுக்கு இன்னும் வேகமாக இறங்கும்.

கருவியின் எண்ணை மட்டும் நம்பிவிடவும் கூடாது. நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, கருவி கூடை நிறைந்திருப்பதைத்தான் சொல்லும். எத்தனை கூடை இருக்கிறது என்று சொல்லாது. நம் தோட்டத்துப் பெண்களில் பலருக்கு இரத்தம் குறைவு. 98 என்று காட்டும், ஆனால் கூடைகளே பாதிதான் இருக்கும்.

இரண்டாவது, முகமூடி வழியாக ஒட்சிசன் போய்க்கொண்டிருந்தால், நோயாளி நிமிடத்துக்கு ஆறு ஏழு மூச்சு விட்டாலும் எண் நன்றாகவே இருக்கும். உள்ளே கெட்ட காற்று வெளியேறாமல் தங்கிக்கொண்டே வரும். ஆள் மேலும் மேலும் மயங்குவார். எண் கடைசியில்தான் விழும். இது எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒட்சிசன் கிடைப்பது வேறு, மூச்சு விடுவது வேறு.

மூன்றாவது, விரல் குளிர்ந்திருந்தாலும், நகத்தில் சாயம் பூசியிருந்தாலும், கறுப்பு மருதாணி இட்டிருந்தாலும் எண் பிழைக்கலாம். ஒப்பரேஷனுக்குப் போகுமுன் நகச்சாயத்தைத் துடைத்துவிடுங்கள். கல்யாண வீட்டுக்குப் போய் வந்த கையோடு போக வேண்டாம்.

நான்காவது, தோல் நிறம். 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், ஒட்சிசன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது, வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு கூடுதலாக இருந்தது. நம்மிலும் நல்ல கறுப்பானவர்கள் இருக்கிறோம். எண் எல்லைக்கோட்டில் நின்றால் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

போகுமுன் செய்ய வேண்டியவை

வெறும் வயிறு: "ஒண்ணும் சாப்பிடாதீங்க" என்று சொன்னால் நம் வீடுகளில் மனம் கேட்பதில்லை. "பசியோட எப்படி அனுப்புறது, அரை ரொட்டி தின்னுட்டுப் போகட்டும்" என்று அம்மாமார் இரகசியமாகக் கொடுத்துவிடுகிறார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்தால் இருமித் துப்ப முடியாது. நேரே நுரையீரலுக்குள் போகும். பொதுவான விதி இது: ரொட்டி, சோறு, பிஸ்கட் போன்ற சாப்பாட்டுக்கு 6 மணித்தியாலம். பால் தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான், அதற்கும் 6 மணித்தியாலம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் 4 மணித்தியாலம். வெறும் தண்ணீர், பால் சேராத பிளேன்டீ 2 மணித்தியாலம். கொழுப்பான கறிச்சோறு தின்றிருந்தால் 6 மணித்தியாலம் போதாது. வைத்தியசாலையில் வேறு நேரம் சொன்னால் அதையே கேளுங்கள். தவறிச் சாப்பிட்டிருந்தால் மறைக்க வேண்டாம். ஒப்பரேஷன் ஒரு நாள் தள்ளிப்போவதில் உயிருக்கு நட்டமில்லை.

வெற்றிலை: நம் மக்கள் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுவது வைத்தியருக்குத் தெரியும். ஆனால் பாக்கினால் வாய் இறுகிப்போயிருப்பதை நாம் சொல்வதில்லை. உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் வாய் குறுகிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் குழாய் வைப்பது கடினம். முன்கூட்டியே தெரிந்தால் வைத்தியர் வேறு வழியை ஆயத்தம் செய்துகொள்வார். தெரியாமல் மயக்கிய பிறகு கண்டுபிடித்தால்தான் ஆபத்து. வாய் இறுகியவர்கள் பேராதனை பல் வைத்தியசாலையில் ஒரு முறை காட்டிக்கொள்வதும் நல்லது. வாய்ப்புற்றுநோய்க்கு முன்னோடியாக அமையும் நிலை அது.

பீடி, சிகரட், அடுப்புப் புகை: எத்தனை வாரம் முன்னே விடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. நான்கு வாரம் முடியாவிட்டால் ஒரு நாளாவது விடுங்கள். இரத்தத்தில் ஏறிய புகை நஞ்சு ஒரு நாளில் பெரும்பாலும் இறங்கிவிடும். பீடியே தொடாத பெண்களுக்கும் காம்பரா அடுப்புப் புகையால் நெஞ்சு கெட்டிருக்கும். "எனக்குப் பழக்கம் ஒன்றுமில்லை" என்று நிறுத்திவிடாமல், விறகடுப்பில் எத்தனை வருடம் சமைத்தீர்கள், காலையில் சளி வருகிறதா, மேடேறினால் இளைக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

சாராயம், கசிப்பு: வெட்கப்பட்டு மறைக்கிற விடயம் இதுதான். தினமும் குடிப்பவருக்கு மருந்தின் அளவு மாறும். தெளியும் நேரத்தில் நடுக்கமும் குழப்பமும் வரும்.

குறட்டை: "ஐயா விடுற குறட்டையில லயமே அதிரும்" என்று சிரிப்போம். குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று பின் திடுக்கிட்டு இழுப்பவராக இருந்தால், சத்திரசிகிச்சைக்குப் பின் அவருக்கு ஆபத்துக் கூடுதல். இதை அவரால் சொல்ல முடியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும்.

இவற்றோடு, இளைப்பு, வலிப்பு, பிரஷர், சீனி வருத்தம், ஆடும் பல், கட்டுப்பல், குடிக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்துக்குப் பின் நெடுநேரம் மூச்சு விட முடியாமல் இயந்திரத்தில் வைத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பரம்பரையாக வரக்கூடிய காரணம் ஒன்று உண்டு.

தெளியும் அறையில் கேட்கும் சொற்கள்

ஒப்பரேஷன் முடிந்ததும் நோயாளியை நேரே வாட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். மயக்கம் தெளியும் இடத்தில் வைத்து மூச்சு, நாடி, பிரஷர், ஒட்சிசன் எல்லாம் பார்ப்பார்கள். "இன்னும் வெளிய விடலியே, என்னமோ ஆயிருச்சு" என்று வாசலில் நின்று அழ வேண்டாம். அங்கே வைத்திருப்பது பாதுகாப்புக்காகத்தான்.

கம்பளையிலும், நாவலப்பிட்டியிலும், பேராதனையிலும், கண்டியிலும் அந்த நேரத்தில் தாதிமார் பெரும்பாலும் சிங்களத்தில்தான் கூப்பிடுவார்கள். அரை மயக்கத்தில் இருப்பவருக்குப் பழகாத மொழி புரியாது. பதில் சொல்லாவிட்டால் இன்னும் தெளியவில்லை என்று நினைப்பார்கள். ஆகவே சில சொற்களை முன்கூட்டியே வீட்டில் சொல்லிப் பழகுங்கள்.

"எஸ் அரின்ன" என்றால் கண்ணைத் திற.
"கட்ட அரின்ன" என்றால் வாயைத் திற.
"லொக்கு ஹுஸ்மக் கன்ன" என்றால் பெரிதாக மூச்சு இழு.
"ஒலுவ உஸ்ஸன்ன" என்றால் தலையைத் தூக்கு.
"அத்த மிரிக்கன்ன" என்றால் கையை அழுத்திப் பிடி.

தலையைத் தூக்கச் சொல்வது விளையாட்டுக்கு அல்ல. தலையைத் தூக்கி ஐந்து விநாடி வைத்திருக்க முடிந்தால், தசை தளர்த்தும் மருந்து பெரும்பாலும் இறங்கிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

நாம் சொல்ல வேண்டிய ஒரு வசனமும் உண்டு: "மிஸ், ஹுஸ்ம கன்ன அமாருய்." மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு வசனம் தெரிந்தால் எந்த வாட்டிலும் ஆள் ஓடி வரும்.

வாட்டில் பக்கத்தில் இருப்பவர்கள் கவனத்துக்கு

மூச்சை எண்ணப் படிப்புத் தேவையில்லை. கைக்கடிகாரமோ போனோ போதும். நெஞ்சும் வயிறும் ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12இலிருந்து 20 வரை சாதாரணம். 10க்குக் குறைந்தாலும் 25ஐத் தாண்டினாலும் தாதியைக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவார்கள். அவர்களுக்கு எத்தனை இருக்க வேண்டும் என்று தாதியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவதோடு இவற்றையும் பாருங்கள்: கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? குறட்டை போலவோ களகளவென்றோ சத்தம் வருகிறதா? நெஞ்சு ஏறுகிறது, ஆனால் மூக்கில் கை வைத்தால் காற்று வரவில்லை என்ற நிலையா? காரணமில்லாமல் கட்டிலில் புரண்டு, முகமூடியைப் பிடுங்கி, கத்துகிறாரா? கடைசியாகச் சொன்னதைப் பலரும் "மருந்து வெறி" என்று விட்டுவிடுகிறார்கள். ஒட்சிசன் குறைந்தாலும் ஆள் அப்படித்தான் நடந்துகொள்வார். நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்க்க நம் நிறத்துக்கு நகத்தைப் பார்த்தால் போதாது. உதட்டின் உட்பக்கத்தையும் நாக்கையும் பாருங்கள். நீலம் தெரிவது கடைசிக் கட்டம். அதுவரை காத்திருக்கக் கூடாது.

இவற்றில் எதைக் கண்டாலும் முதலில் சத்தமாகப் பெயர் சொல்லித் தோளைத் தட்டி, "மூச்சு இழுங்க!" என்று சொல்லுங்கள். பாதி மயக்கத்தில் இருப்பவர் சொன்னால் மூச்சு விடுவார். அதே நேரம் தாதியைக் கூப்பிடுங்கள். "மிஸ் ஏசுவாங்களோ" என்று தயங்க வேண்டாம். பத்துத் தடவை சும்மா கூப்பிட்டு ஏச்சு வாங்கலாம். கூப்பிட வேண்டிய ஒரு தடவையை விட்டுவிடக் கூடாது.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. தாதி சொல்லும்வரை ஒரு மிடறு தேத்தண்ணியும் கொடுக்கக் கூடாது. "தொண்டை காயுதாம், ஒரு வாய் குடுத்தா என்ன?" என்று கேட்காதீர்கள். உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், போதும். ஒட்சிசன் குழாயை நாமாகத் திருகக் கூடாது. கூட்டி வைத்தால் சீக்கிரம் சுகம் வரும் என்பது பிழை. நெடுநாள் பீடி குடித்து நெஞ்சு கெட்டவர்களுக்கு அளவுக்கு மிஞ்சிய ஒட்சிசன் கெடுதலாகவும் முடியும். ஒட்சிசன் உள்ள இடத்தில் நெருப்புப் பக்கென்று பிடிக்கும். விபூதி பூசலாம், கற்பூரம் கொளுத்தக் கூடாது.

சிசேரியன் செய்த தாய்மாருக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கச் செய்வார்கள். சிலருக்கு அவசரத்தில் முழு மயக்கம் கொடுப்பார்கள். எப்படியானாலும் தூக்கக் கலக்கத்தில் உள்ள தாயிடம் பிள்ளையைப் பால் குடிக்க விட்டுவிட்டு அப்பால் போகாதீர்கள். தாயின் மூச்சையும் பிள்ளையின் மூக்கையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

லயத்தில் முதல் இரவு

அன்றைக்கே வெட்டி அன்றைக்கே அனுப்பும் சின்ன ஒப்பரேஷன்களும் உண்டு. அப்போது வாட்டுத் தாதியின் வேலை நம் கைக்கு வருகிறது. வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர் கூடிவிடுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். ஆனால் இரவு ஒருவர் விழித்திருக்க வேண்டும். தலையணையை உயர்த்தியோ ஒருக்களித்தோ படுக்க வையுங்கள். மல்லாந்து படுத்தால் நாக்குப் பின்னே விழும். தொண்டைச் சதை எடுத்த பிள்ளையைக் கட்டாயம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால் இரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே காட்டுங்கள்.

"வலி தெரியாம இருக்க ஒரு கிளாஸ்" என்று யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். வலி மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகும். தூக்க மாத்திரையும் அப்படியே. பெரியவருக்குக் கொடுத்த வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. 24 மணித்தியாலத்துக்கு வாகனம் ஓட்டவோ, கத்தி அரிவாள் எடுக்கவோ, கடுதாசிகளில் கையெழுத்துப் போடவோ வேண்டாம்.

விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை ஆழமாக மூச்சு இழுத்து விடச் சொல்லுங்கள். வெட்டுக் காயத்தின் மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். வலி குறையும், சளியும் வெளியேறும். படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். வைத்தியர் அனுமதித்தவுடன் எழுந்து உட்காரவும் நடக்கவும் வேண்டும்.

மூச்சு மெலிந்தாலோ, எழுப்பியும் எழும்பாவிட்டாலோ 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் 2016இல் தொடங்கி இன்று நாடு முழுவதும் இலவசமாக ஓடுகிறது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்தச் சந்தியால் ஏற வேண்டும் என்பவற்றை ஒரு கடுதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் வாய் வராது. லயத்துக்கு வாகனம் ஏறாது என்றால், வரும் நேரத்துக்குள் ரோட்டுக்குக் கொண்டுபோக நாலு பேரையும் ஒரு கட்டிலையும் முதல் நாளே பேசி வையுங்கள். அம்பியூலன்ஸ் வரும்வரை ஆளை ஒருக்களித்து, தாடையை மெல்ல மேலே தூக்கிப் பிடியுங்கள். நாக்கு வழிவிடும்.

ஒரு பேர் போனாலும் பரவாயில்லை

கடைசியாக ஒன்று. நோயாளியோடு ஒருவர் தங்கினால் அவருக்கு ஒரு பேர் போகும், இரண்டு பேர் போகும். சம்பளத்தில் அது தெரியும். அதனால்தான் பல வீடுகளில் நோயாளியைத் தனியே விட்டுவிட்டு மலைக்குப் போகிறார்கள். இன்னும் சிலர், "வீட்டில வச்சுப் பாத்துக்கிறோம்" என்று சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுத் துண்டு வெட்டிக்கொண்டு வருகிறார்கள். கஷ்டம் எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒப்பரேஷன் நாள் முன்கூட்டியே தெரியும் விடயம். பக்கத்துக் காம்பராவோடு பேசி முறை போட்டுக்கொள்ளலாம். ஒரு வீட்டார் பகலிலும் மற்ற வீட்டார் இரவிலும் நிற்கலாம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூடுகிற லயம், ஓர் இரவு மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதா?

பயத்தினால் ஒப்பரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். போகுமுன் உண்மையைச் சொல்லுங்கள், வெறும் வயிற்றோடு போங்கள். வந்த பிறகு எண்ணை மட்டும் பாராமல் ஆளின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பாருங்கள். முதல் இரவு அவரைத் தனியே விடாதீர்கள். இந்தக் கடுதாசியை வாசிக்கத் தெரியாத ஆச்சிமாருக்கு வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.